வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் ராஜா

என் புருஷன் பியோ ராஜா இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கேட்க வேண்டியவர்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

அவர் சுரைக்குடுக்கை தைக்கிறவர். எங்கள் ஊரான கூரபெருவில் எந்த வீட்டில் குடுக்கை விரிசல் விட்டாலும், பால் விற்கிற பெண்களின் தலையிலிருந்து குடுக்கை விழுந்து பிளந்தாலும், நேராக எங்கள் வாசல் மரத்தடிக்குத்தான் வரும். விரிசலுக்கு இரண்டு பக்கமும் துளை போட்டு, நார் கோத்து இழுத்துத் தைப்பார். காலையில் உட்கார்ந்தால் வெயில் சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்ட மாட்டார். பேச்சும் கிடையாது. நான் ஒரு மூச்சு கத்தி முடித்தால் கடைசியில் ஒரு "ம்" வரும். நல்ல தொந்தி, அகன்ற முகம், பாதி மூடிய கண். பார்க்கிறவர்கள் ஏதோ பெரிய யோசனையில் இருக்கிறார் என்று நினைப்பார்கள். சோற்று யோசனைதான்.

குதிரை என்றால் மட்டும் அவருக்கு உயிரே போய்விடும். எங்கள் ஊர்ப் பிரபுக்கள் குதிரையை விட்டு இறங்குவதே சாப்பிடவும் சண்டை போடவும்தான். அவர்கள் தெருவில் வருவது தெரிந்தால் போதும், இந்த மனுஷன் ஊசியும் கையுமாக வீட்டுக்குள் ஓடிவந்து என் பின்னால் நிற்பார். அப்படிப்பட்டவர் தலையில்தான் ராஜ்ஜியத்தைக் கட்டினார்கள்.

எங்கள் ராஜாவுக்கு ஒரு சாபம் உண்டு. வெள்ளைத் தோல்காரனைக் கண்ணால் பார்த்த ராஜா அடுத்த அறுவடையைப் பார்க்க மாட்டான். எந்த ராஜாவுக்கு எந்தக் குறிகாரன் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரனே இந்தப் பக்கம் வராத காலத்தில் அந்தச் சாபத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பிறகு அவன் வர ஆரம்பித்தான். மேற்கே ஒரு ராஜா அவனோடு சண்டை போட்டுத் தோற்றார். தெற்கே ஒரு ராஜா அவனோடு நட்பு வைத்துத் தோற்றார். இதையெல்லாம் கேட்ட எங்கள் அமைச்சர் கிசிரா சண்டையும் வேண்டாம், நட்பும் வேண்டாம், வேறு வழி இருக்கிறது என்று ஒரு நாள் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். வாய் நிறைய மெல்லுகிற கோலாக் கொட்டை, பேச்செல்லாம் தேன்.

"பாக்கே, உன் வீட்டுக்காரனைக் கொஞ்சம் அரண்மனைக்கு அனுப்பி வையும்மா."

"எதுக்குங்க? அரண்மனைக் குடுக்கை ஏதாவது ஒடஞ்சு போச்சா?"

"ஒடஞ்சிரக் கூடாதுன்னுதான் கூப்பிடுறேன். ஒரு வெள்ளைக்காரன் வர்றான். அவன் முன்னாடி ராஜாவா ஒருத்தன் உக்காரணும். உன் புருஷன் மாதிரி உக்காரத் தெரிஞ்சவன் இந்த ஊருலயே இல்ல."

"அந்தச் சாபம் என்னங்க ஆகுறது? இவரு செத்துப் போனா?"

"இவன் ராஜா இல்லையேம்மா. சாபம் ராஜாவுக்குத்தானே? இவனுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப வெள்ளைக்காரன்கிட்ட இவருதான் ராஜான்னு சொல்லுவீங்க, சாபத்துக்கிட்ட இவரு ராஜா இல்லன்னு சொல்லுவீங்க. அப்படித்தானே?"

அமைச்சர் என்னை மரியாதையோடு பார்த்தார். "அதேதான். இதுக்குப் பேருதான்மா வெளிநாட்டு விவகாரம்."

அரண்மனைப் பெண்களும் வெள்ளைக்காரன் கண்ணில் பட மாட்டோம் என்று அடம்பிடித்ததால், மூத்த ராணியாக என்னையே உட்கார வைத்தார்கள். இரவல் துணி, இரவல் பாசிமணி. இவரைச் சிறுத்தைத் தோலில் உட்கார வைத்து, தலையில் பெரிய முண்டாசு கட்டினார்கள். எங்கள் ராஜா வெளியார் முன்னால் வாயைத் திறந்து பேசுவதில்லை. இருமுவார். அந்த இருமலுக்கு அமைச்சர் அர்த்தம் சொல்வார். ஆகவே இவருக்கு வேலை, உட்கார்வதும் இருமுவதும்.

முதலில் வந்தவன் ஆங்கிலேயன். முகம் சிவந்து, சட்டை தொப்பலாக நனைந்து, உட்காருவதற்கு மடக்குகிற நாற்காலி ஒன்றையும் தூக்கிவந்திருந்தான். ஹாரூனா என்ற வியாபாரிதான் இரண்டு பக்கத்துக்கும் பேச்சை மாற்றிச் சொன்னவர்.

"எங்க மகாராணி உங்களப் பாதுகாக்க ஆசைப்படுறாங்களாம்," என்றார் ஹாரூனா.

"ரொம்ப சந்தோஷம்," என்றார் கிசிரா. "யாருகிட்ட இருந்தாம்?"

"பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்து."

"அவன் எங்கள ஒண்ணும் பண்ணலையே?"

"பண்ணுவானாம். வந்துக்கிட்டே இருக்கானாம்."

"இவரு பண்ண மாட்டாராமா?"

"இவரு பாதுகாக்க வந்தவராம்."

அப்போது புழுதி தொண்டையில் ஏறி, என் புருஷன் நிஜமாகவே லொக்கு லொக்கென்று இருமினார். கிசிரா விடுவாரா? "ராஜா சொல்றாரு: பாவம், உங்க மகாராணி ஒத்தப் பொம்பள. அவங்களுக்கு யாரு பாதுகாப்பு? வேணும்னா நாங்க கொஞ்சம் குதிரைக்காரங்கள அனுப்பி வைக்கிறோம்." அந்த வெள்ளைக்காரன் ரொம்ப நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். அப்படி ஒரு கருத்து அவன் பேப்பரில் இல்லை போலிருக்கிறது.

பேப்பர் முழுக்க எழுதி முடித்துவிட்டு, ராஜாவின் பெயர் என்ன என்று கேட்டான். அங்கேதான் எல்லாரும் விழித்தோம். ஒருவன் ராஜாவான அன்றே அவன் பெயரைப் புதைத்துவிடுவது எங்கள் வழக்கம். அதைப் பெற்ற தாய்கூடச் சொல்லக் கூடாது. சொன்னவன் நாக்குக்கு உத்தரவாதம் கிடையாது. கிசிரா மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கடைசியில் தோலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"பியோன்னு எழுதிக்கச் சொல்லு," என்றார்.

எழுதிக்கொண்டான். இவர் கையைப் பிடித்து ஒரு பெருக்கல் குறி போட வைத்தான். போகும்போது குடை, கண்ணாடி, ஒரு சுருள் துணி, ஒரு ஜோடி பூட்ஸ், அவன் நாட்டுக் கொடி எல்லாம் கொடுத்துவிட்டுப் போனான்.

வெள்ளைக்காரன் தொட்ட பொருள் அரண்மனைக்குள் போகக் கூடாது, சாபம் ஒட்டியிருக்கும் என்றார்கள். ஆகவே எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. மறுநாளே அமைச்சர் ஆள் விட்டார். புகை போட்டால் சாபம் போய்விடுமாம். குடைக்குப் புகை போட்டார்கள், அரண்மனைக்குப் போனது. கண்ணாடியும் துணியும் அப்படியே போயின. கொடிக்கும் பூட்ஸுக்கும் எவ்வளவு புகை போட்டாலும் சாபம் போகாது என்று சொல்லிவிட்டார்கள்.

அடுத்து பிரெஞ்சுக்காரன் வந்தான். அவனும் பாதுகாக்கத்தான் வந்திருந்தான், ஆங்கிலேயனிடமிருந்து. அவனோடு ஒரு வைத்தியன் இருந்தான். அவன் கிடுக்கி மாதிரி ஓர் இரும்பை எடுத்து, இவர் முண்டாசைக் கழற்றச் சொல்லி, நெற்றியையும் பின்மண்டையையும் காதுக்குக் காதும் அளந்து அளந்து எழுதினான். பிறகு ஹாரூனாவிடம் பரபரப்பாக ஏதோ சொன்னான்.

"என்னவாம்?" என்றார் கிசிரா.

"இந்த மாதிரி தலை ராஜ வம்சத்துலதான் அமையுமாம். குடியானவன் தலை வேற மாதிரி இருக்குமாம். இத நல்லாப் படிச்சிருக்காராம்."

எனக்கு அடக்க முடியவில்லை. இரவல் துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். ராணிக்கு ஆனந்தக் கண்ணீர் என்று கிசிரா அதற்கும் அர்த்தம் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து வைத்தியன் ஒரு பெட்டியை நிறுத்தி, எங்கள் இரண்டு பேரையும் படம் பிடித்துக்கொண்டான்.

மூன்றாவதாக ஜெர்மானியன். இவன் ஆங்கிலேயன், பிரெஞ்சுக்காரன் இரண்டு பேரிடமிருந்தும் பாதுகாக்க வந்தவன். கொஞ்சம் விவரமானவன். வேறு யாரிடமாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டான். ராஜா இருமினார். ராஜாவுக்கு உடம்பு சரியில்லை, அந்தக் கேள்வியை அடுத்த தடவை கேட்கலாம் என்றார் கிசிரா.

மூன்று கொடியும் எங்கள் வீட்டு மூங்கில் கூடையில் கிடந்தன. எல்லைக் காவல்காரன் ஓடிவந்து எந்த வெள்ளைக்காரன் வருகிறான் என்று சொன்னால், அந்தக் கொடியை எடுத்து அரண்மனை வாசல் கம்பத்தில் ஏற்றுவது என் வேலையாகிப் போனது. மற்ற நாளில் ஆங்கிலேயன் கொடியில் வள்ளிக்கிழங்குச் சீவல் காயப்போடுவேன், அதுதான் அகலம். ஒரு தடவை காவல்காரன் கள்ளைக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். பிரெஞ்சுக்காரன் வந்து நிற்கிறான், மேலே ஜெர்மானியன் கொடி ஆடுகிறது! கிசிரா கொஞ்சமும் அசரவில்லை. "உங்க கொடியத் துவைக்கப் போட்டிருக்கோம். அதுவரைக்கும் கம்பம் வெறுமையா இருக்கக் கூடாதுன்னு இந்தக் கந்தல ஏத்துனோம்," என்றார். பிரெஞ்சுக்காரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஊரே அமைச்சரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. ஒரு துப்பாக்கி வெடிக்காமல் மூன்று பேரை ஏமாற்றினாரே! பேப்பரைக் காட்டி எவன் வந்து கேட்டாலும், அது எங்கள் ராஜா போட்ட குறி இல்லை என்று சொல்லிவிடலாம். அதுதான் கணக்கு. பேச்சுக்கு நன்றாகத்தான் இருந்தது. என் புருஷனுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் கிழங்கு உருண்டையை வெறுமனே பிசைந்துகொண்டே இருந்தார்.

"பாக்கே, அந்த மூணு பேப்பர்லயும் எம்பேருதான் இருக்கு."

"இருந்தா என்னய்யா? உனக்குப் படிக்கத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"அவனுங்களுக்குத் தெரியுமே."

"ஏதாவது ஆச்சுன்னா நான்தான் ராஜான்னு அவரு வெளிய வந்து சொல்லிட்டுப் போறாரு. அதுக்குத்தான ராஜா?"

"ம்," என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவே இல்லை.

சில மழைக்காலம் போனது. கடலுக்கு அப்பால் வெள்ளைக்காரர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எங்கள் நாட்டைப் பங்கு போட்டார்களாம். எங்களில் ஒருத்தரையும் கூப்பிடவில்லை. அவர்களுக்கு இருமலுக்கு அர்த்தம் சொல்கிற ஆள் தேவைப்படவில்லை போலும். கூரபெரு பிரெஞ்சுக்காரன் பங்கில் விழுந்தது. பங்கு போடும்போது மூன்று பேரும் அவரவர் பேப்பரை எடுத்து நீட்ட, மூன்றிலும் பியோ ராஜாவின் பெருக்கல் குறி இருந்திருக்கிறது. மூன்று பேரும் வந்து கையெழுத்துக் கேட்டது நியாயம்தானாம். மூன்று பேருக்கும் போட்டவன்தான் துரோகியாம்.

ஒரு பிரெஞ்சுக் கேப்டன் சிப்பாய்களோடும் பீரங்கியோடும் வந்து சந்தைத் திடலில் நின்றான். பியோ ராஜாவை நாடு கடத்த உத்தரவு என்றான். ஊர்ப் பிரபுக்கள் எல்லாம் குதிரையோடு நின்றார்கள். எல்லார் கண்ணும் எங்கள் மரத்தடிப் பக்கம் திரும்பியது. அங்கே இவர் ஒரு பால்காரியின் குடுக்கையை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

நான் அரண்மனைக்கு ஓடினேன். காவலை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். நிஜ ராஜா தானியக் குதிருக்குப் பின்னால் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கிசிரா. காலில் விழுந்தேன்.

"மகாராஜா, ஒரு வார்த்த சொல்லுங்க. நான்தான் ராஜா, அவன் குடுக்க தைக்கிறவன்னு ஒரே வார்த்த. அந்தப் பேப்பரும் செல்லாமப் போயிரும், எம்புருஷனும் வீட்டுக்கு வந்துருவாரு. இப்படிச் சொல்லத்தானே இவ்வளவும் பண்ணுனீங்க?"

ராஜா இருமினார். கிசிரா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ராஜா சொல்றாரு, வெள்ளைக்காரனப் பாத்தா அவரு செத்துருவாரும்மா."

"எம்புருஷன் மூணு பேரப் பாத்தாரே! செத்தா போயிட்டாரு?"

"அவன் ராஜா இல்லையேம்மா."

"அதத்தான்யா வெளிய வந்து சொல்லித் தொலைங்கன்னு கெஞ்சுறேன்!"

ராஜா மறுபடியும் இருமினார். அதற்கு அமைச்சர் அர்த்தம் ஒன்றும் சொல்லவில்லை.

திடலுக்குத் திரும்பி ஓடினேன். அதற்குள் சிப்பாய்கள் இவரை அங்கே கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். கேப்டன் முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினேன், இவர் ராஜா இல்லை, சுரைக்குடுக்கை தைக்கிறவர் என்று. ஹாரூனா நல்லவர்; ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். கேப்டன் சிரித்துக்கொண்டே ஒரு படத்தை எடுத்து நீட்டினான். சிறுத்தைத் தோலில் இவர், பக்கத்தில் துணியை வாயில் அடைத்தபடி நான்.

"ராணிங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்களாம்," என்றார் ஹாரூனா. "தலைய வேற அளந்து வச்சிருக்காங்களாம். அளவு பொய் சொல்லாதாம்."

அப்போது என் புருஷன் எழுந்து நின்று, தன் வாழ்நாளில் வெளியார் முன்னால் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "ஐயா, நான் குடுக்க தைக்கிறவன்தான். வேணும்னா ஒரு ஒடஞ்ச குடுக்கையக் குடுங்க, தச்சுக் காட்டுறேன்."

ஹாரூனா அதையும் சொன்னார். கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டான். ராஜ்ஜியம் போன வேளையிலும் இப்படிப் பணிவாகப் பேசுகிற ராஜாவை அவன் பார்த்ததே இல்லையாம். இப்பேர்ப்பட்டவரை நடக்க வைப்பது முறையில்லை என்று, இருப்பதிலேயே உயரமான குதிரையைக் கொண்டுவரச் சொன்னான்.

குதிரை என்றதும் இவர் என் பின்னால் வந்து நின்றார். பழக்கம். நான் என் முதுகில் அவர் மூச்சை உணர்ந்தேன். அவரை என் பின்னாலிருந்து பிரித்து எடுத்து, நான்கு சிப்பாய்கள் தூக்கி மேலே உட்கார வைத்தார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டார்.

"பாக்கே! பால்காரி குடுக்க பாதி தச்சபடி கெடக்கு. யாரையாவது விட்டு முடிச்சுக் குடுத்துரு."

"நீயே வந்து முடி!" என்று கத்தினேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. என்னையும் கூட்டிப் போகச் சொல்லி அழுதேன். ராணிகளுக்கு உத்தரவு இல்லை என்றான். அந்தக் குடுக்கையை இன்றுவரை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. பால்காரிக்கு வேறு வாங்கிக் கொடுத்தேன்.

ராஜாவை நாடு கடத்தியாகிவிட்டது. ஊருக்கு ஒரு தலைவன் வேண்டுமே? போன ராஜாவின் தம்பி ஒருவர் இருக்கிறார், ரொம்ப சாது என்று கிசிரா குதிருக்குப் பின்னாலிருந்து ஆளைக் கூட்டிவந்து நிறுத்தினார். கேப்டன் கை குலுக்கினான். நிஜ ராஜா தன் நாட்டிலேயே, தனக்கே தம்பியாக, பிரெஞ்சுக்காரன் தயவில் பதவிக்கு வந்தார். தினமும் வெள்ளைக்காரனைப் பார்த்தார். சேர்ந்து சாப்பிட்டார். அறுவடை வந்தது, போனது, அடுத்ததும் வந்தது. ஆள் பெருத்தார். எனக்கு எரிந்த எரிச்சலில் ஒரு நாள் கிசிராவைச் சந்தையில் மறித்துவிட்டேன்.

"ஏங்க, சாபம் என்னங்க ஆச்சு? இவரு இன்னும் உசுரோட இருக்காரே?"

"சாபம் ராஜாவுக்குத்தானேம்மா," என்றார் கிசிரா தலையைக் குனிந்துகொண்டு. "இவரு இப்ப ராஜா இல்லையே. வெள்ளைக்காரன் வச்ச ஆளு."

கேப்டன்கள் மாறினார்கள். ஒருத்தன் காய்ச்சல் கண்டு ஊர் திரும்பியதும் அடுத்தவன் வருவான். ஒவ்வொருத்தன் முன்னாலும் போய் நின்று கத்தினேன். ஒவ்வொருத்தனும் அதே படத்தை எடுத்துக் காட்டினான். ஊரில் எனக்குக் "கத்தும் ராணி" என்றே பெயராகிவிட்டது.

சிப்பாயாகப் போயிருந்த எங்கள் ஊர் சான்னி ஒரு நாள் காலை நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான். நேராக என் வீட்டுக்கு வந்தான். பியோவைக் கொண்டுபோய் வைத்திருக்கிற தீவில்தான் அவனுக்குக் காவல் வேலையாக இருந்ததாம். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நல்லாத்தான் இருக்காருக்கா. பிடிச்சுட்டு வந்த ராஜாங்கள எல்லாம் ஒரே வீட்டுல வச்சிருக்காங்க. அண்ணன் வாசல்ல உக்காந்து அந்தத் தீவுக்காரங்க ஒடஞ்ச குடுக்கையெல்லாம் தச்சுக் குடுக்குறாரு. ஆனா ஒண்ணுக்கா, சிரிக்காத."

"என்னடா?"

"அங்க இருக்குற ராஜாங்கள்ல ஒருத்தரு குதிரைக்குப் புல்லு வெட்டுனவரு. ஒருத்தரு அரண்மனையில சமையக்காரரு. இன்னொருத்தரு யாரோ ராஜாவோட மச்சானுக்கு முடி வெட்டுறவரு. எல்லா ஊருலயும் ஒரு கிசிரா இருந்திருக்காரு. நெசமான ராஜா ஒரே ஒருத்தருதான். அவருக்குத் துணி கட்டிக்கக்கூடத் தெரியாது. புல்லு வெட்டுறவருதான் தினம் கட்டி விடுறாரு."

சிரித்தேன். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. "எனக்கு ஏதாவது சொல்லி அனுப்புனாராடா?"

"பாக்கேவ கத்துறத நிறுத்த வேணாம்னு சொல்லச் சொன்னாரு. இங்க ரொம்ப அமைதியா இருக்கு, அதுதான் தாங்க முடியலன்னாரு."

ஆகவே கத்தினேன். அடுத்த கேப்டனிடமும், அதற்கடுத்தவனிடமும். ஒரு வறண்ட காற்றுக் காலத்தில் நான் போய் நின்றபோது, கேப்டன் படத்தை எடுக்கவில்லை. எழுந்து நின்றான். ஹாரூனா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், பியோ ராஜா தீவில் இறந்துவிட்டார் என்று. காய்ச்சலாம். அங்கேயே புதைத்துவிட்டார்களாம். அன்று எனக்குக் கத்த வரவில்லை.

இந்தக் கேப்டன் எங்கள் வழக்கங்களையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறவன். ராஜா இறந்தால் என்ன செய்வீர்கள் என்று விசாரித்திருக்கிறான். நீளக் கொம்புகளை ஊதுவோம். அடுத்து வருகிறவன் வெறுந்தரையில் உட்கார வேண்டும். இறந்த ராஜாவின் மூத்த மனைவி எல்லார் முன்னாலும் அவன் தலையை மழிக்க வேண்டும். அதுவரை அவன் குதிரை ஏறக் கூடாது. இதைக் கேட்டதும் கேப்டன் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டான். ஒன்றும் விடக் கூடாது, முறைப்படி நடக்க வேண்டும், உங்கள் வழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம் என்றான். புதிய தலைவருக்கு உடம்பு சரியில்லை என்று கிசிரா சொல்லிப் பார்த்தார். தலைவர் இருமிக்கூடப் பார்த்தார். கேப்டனுக்கு இருமல் புரியவில்லை.

திடலில் ஊரே கூடியது. ராஜா செத்தால் மட்டுமே வெளியே எடுக்கிற கொம்புகளை எடுத்து ஊதினார்கள். அந்தச் சத்தம் என் புருஷனுக்காக, குடுக்கை தைக்கிறவருக்காக, ஊரைத் தாண்டிப் போனது. பீரங்கி வந்த அன்று மரத்தடியைப் பார்த்துத் திரும்பிய அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு அழுதார்கள். அழட்டும். எனக்கு அவர்கள்மேல் இரக்கம் வரவில்லை.

அவர் வெறுந்தரையில் என் முன்னால் உட்கார்ந்தார். எங்கள் நிஜ ராஜா. முண்டாசை நானே கழற்றினேன். சாதாரணத் தலை. நரைத்திருந்தது. தண்ணீர்க் குடுக்கை பக்கத்திலேயே இருந்தது, நான் தொடவில்லை. வறண்ட தலையில் கத்தியை வைத்து இழுத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, கத்தியை நெற்றியிலேயே நிறுத்தி, குனிந்து காதில் கேட்டேன்.

"இப்பவாவது சொல்லு. செத்தது யாரு?"

அவர் கிசிராவைத் தேடினார். கிசிரா தூரத்தில் நின்றிருந்தார். இவர் இருமுவதற்கு வாயைத் திறந்தார்.

"இருமாத. வாயத் தொறந்து சொல்லு."

அவர் குரலை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். மெலிந்த குரல்.

"ராஜா," என்றார். "ராஜாதான்மா செத்தாரு."

அதற்குப் பிறகுதான் தண்ணீரை எடுத்து அவர் தலையில் ஊற்றினேன்.